யார் வாசலும் இல்லாத இடம்

கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைக் கணவன் நேரில் வந்து கூப்பிட வேண்டும். அதுவரை போனில்கூடப் பேச்சு கிடையாது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு முறை இது. நான் மாற்றவில்லை.

மகள் வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. மாப்பிள்ளை லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தார். வேலை போனதை அவளிடம் சொல்லாமல், தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கீழ்வீட்டுக்காரி சொல்லித்தான் இவளுக்கே தெரிந்தது. அன்றே பெட்டியோடு வந்துவிட்டாள். அவர் கூப்பிட வரவில்லை. 'போகத் தெரிஞ்சவளுக்கு வரத் தெரியாதா' என்று யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது.

போன வாரம் அவள் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்குத் திரும்பிப் போகணும்ப்பா. நான் வரேன்னு சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அது போதும்."

நான் அவர் வாசலை மிதிக்க முடியாது. அவரும் என் வாசலுக்கு வரமாட்டார். ஆனால் காட்டில் யாருக்கும் வாசல் கிடையாது. நில அளவைத் துறையில் இருந்தபோது நான் முகாம் போட்ட ஓடைக்கரை ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் வருஷம் தவறாமல் போய் ஓர் இரவு தங்கிவருவேன். கூடாரம், அடுப்பு எதுவும் கிடையாது. தார்ப்பாய், கயிறு, ஒரு பாத்திரம், தீப்பெட்டி, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையும் உடன் வந்திருக்கிறார். இந்தச் சனிக்கிழமை போகிறேன் என்று, அவருக்கும் எனக்கும் பழக்கமான தையல்காரரிடம் சொல்லிவைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை பாறைமேல் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, "வாங்க மாமா" என்றார். தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. அருவி பாறைகளில் படிப்படியாக இறங்கி, எங்கள் பக்கத்தில் கலங்கிய நீராக ஓடியது. தார்ப்பாயை இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினோம். தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் நான் வாய்க்கால் கீறினேன். அவர் பட்டுப்போன கிளைகளை ஒடித்து வந்தார். எல்லாம் ஈரம். எத்தனை ஊதியும் புகைதான் வந்தது.

"இந்த விறகு உங்களை மாதிரியே இருக்கு மாமா. வளையவும் மாட்டேங்குது, எரியவும் மாட்டேங்குது."

"குனிஞ்சு ஊதினாத்தான் எரியும் மாப்பிள்ளை. தள்ளி நின்னு பேசினா எரியாது."

அவர் சிரித்தார். குனிந்து ஊதினார். எப்படியோ பற்றிக்கொண்டது. புகை நாறும் தேநீரைப் பாத்திரத்தோடு மாற்றி மாற்றிக் குடித்தோம். கொண்டுபோன ரொட்டியைத் தீயில் வாட்டித் தின்றோம். அவளைப் பற்றி முதலில் அவர் பேசட்டும் என்று நான் இருந்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவரே ஆரம்பித்தார். அருவிச் சத்தத்தில் கேட்காதென்று நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு மாமா. கிரேன் பராமரிப்பு. கடல் தாண்டிப் போகணும். நாளைக்கு வாடகை வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பலாம். இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிட்டு இங்கேயே ஏதாவது பாத்துக்கலாம். ரெண்டுல எதுன்னு தெரியல." ஒரு சுள்ளியை ஒடித்துத் தீயில் போட்டார். "அவ ஏதாவது சொல்லி அனுப்பினாளா?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும் என்பதும் உடனே மனதில் ஓடியது. தவறு செய்தவர் அவர். இறங்கி வந்தவள் இவள் என்றாகும். நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தாலும், 'நீதானே ஆள் அனுப்பின' என்ற சொல் வரும். ஆயுசுக்கும் வரும். அந்தச் சொல்லைக் கேட்கவா நான் பெண்ணை வளர்த்தேன்?

"எங்க வீட்டுப் பொண்ணு யார்கிட்டயும் எதையும் கேட்டு அனுப்பமாட்டா. நான் வருஷா வருஷம் வர இடம், வந்தேன்" என்றேன்.

இதைக் கேட்டதும் அவருக்கு ரோஷம் வரும், 'நானே வந்து கூப்பிடுறேன் மாமா' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு குச்சியால் தணலைக் கிளறினார்.

"சரி மாமா" என்றார்.

விடிந்ததும் அவரே கயிறுகளை அவிழ்த்தார். நனைந்து இறுகிப்போயிருந்த முடிச்சுகளை அறுக்காமல், பல்லால் கடித்து இளக்கினார். தார்ப்பாயை உதறி மடித்து என் முதுகுப்பையில் வைத்துக் கட்டினார்.

"இனிமே தனியா வராதீங்க மாமா. பாறை ரொம்ப வழுக்குது."

ஓடையைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பாதையில் இறங்கிப் போனார்.

நான் வீடு சேர்ந்தபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். பையைக்கூட வாங்காமல் கேட்டாள்.

"சொன்னீங்களாப்பா?"

"அவரே கேட்டார், நீ ஏதாவது சொல்லி அனுப்பினியான்னு."

"என்ன சொன்னீங்க?"

சொன்னதைச் சொன்னேன். துறைமுக வேலையையும் சொன்னேன்.

"உன் மரியாதைக்காகத்தாம்மா" என்றேன்.

"அது என்னோடதுப்பா. வேணும்னா நான் விட்டுக்குடுத்துப்பேன். நீங்க எதுக்குக் காவல் காக்கறீங்க?"

என் எதிரிலேயே போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்கமாட்டாள்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"மத்தியானமே சாவியைக் குடுத்துட்டாராம். வெள்ளையடிச்சிட்டிருக்காங்க. எந்தத் துறைமுகம்னு வீட்டு ஓனருக்குத் தெரியலை."

நீ போனதையும் வந்ததையும் தெருவில் யாரும் பார்க்கவில்லை என்றேன். அவள் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.