ஒரு யூனிட் குறைகிறது

பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சேலா சொல்லிவிடுவாள். காலையில் திராட்சைக் கம்பெனி அலுவலகத்தில் வேலை, பிற்பகலில் சமூகக் கல்லூரியில் கணக்கியல் படிப்பு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் கல்லூரியின் உதவி அறையில் கணக்கு ஏறாத பிள்ளைகளோடு மல்லுக்கட்டு. வயது நாற்பத்து மூன்று. அந்தப் பிள்ளைகள் அவளிடம் வாங்குகிற திட்டு எப்போதும் ஒன்றுதான்.

"கூட்டறதுக்கு முன்னாடி எதைக் கூட்டறோம்னு பாருடா! ஆப்பிளையும் ஆட்டையும் சேத்து எழுதிட்டு மொத்தம் பத்துங்கறே!"

அப்பேர்ப்பட்டவள்தான் மார்ச் மாதம் கல்லூரி ஆலோசகர் சியோங்கின் முன்னால் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: மே மாதத்துக்குள் அறுபது யூனிட் முடித்திருக்க வேண்டும். பாடமோ விளையாட்டோ, ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை யூனிட் என்று கல்லூரியில் கணக்கு உண்டு. அறுபது இருக்கிறது என்று அவளே நாலு தடவை கூட்டிப் பார்த்திருந்தாள்.

"கூட்டல் சரிதான் சேலா. இந்த மூணு யூனிட்தான் உதைக்குது. சின்ன வயசுல கடலோரக் கல்லூரியில எடுத்தீங்களே, அது. அங்க வருஷத்தை மூணாப் பிரிப்பாங்க, நாம ரெண்டா. அவங்க மூணு யூனிட் நமக்கு ரெண்டுதான்" என்றார் சியோங்.

"அப்போ அம்பத்தொம்பதா?"

"அம்பத்தொம்பது."

சேலாவுக்கு அழுகையைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. பிறகு பயம் வந்தது. இந்த இடம் போனால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. ஆறு வருடமாகச் சிறுகச் சிறுகப் படித்தவளுக்கு இன்னொரு வருடம் இழுக்கத் தெம்பில்லை. அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

"இப்ப ஆரம்பிக்கிற ஒரு யூனிட் வகுப்பு ஏதாவது இருக்கா? நடைப்பயிற்சி?"

"அதுதான் முதல்ல நிரம்பிச்சு."

"கோல்ஃப்?"

"நிரம்பிடுச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி. நீச்சல். காலையில ஏழு மணி, எட்டு வாரம்."

இந்தப் பள்ளத்தாக்கில் பாசன வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு வகை: ஒளிந்து போய் நீந்தியவர்கள், அம்மாவுக்குப் பயந்தவர்கள். சேலா இரண்டாவது வகை. இத்தனை வயதுக்கு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததே இல்லை.

விஷயம் கேட்டதும் மகள் யாரெட்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளும் அதே கல்லூரியில்தான் நர்சிங் படிக்கிறாள்.

"கணக்குப் புலி! ஆப்பிளையும் ஆட்டையும் சேத்துக் கூட்டிட்டீங்களாமே!"

"வாயை மூடுடி. போய் எனக்கு ஒரு நீச்சல் உடை பாத்து வாங்கிட்டு வா. உடம்பு பூரா மூடறதா இருக்கணும்."

பயிற்சியாளர் பிரான்வோல்ட் அம்மாள் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே அதட்டுகிற ரகம். முதல் வாரம் முழுக்க சேலா சுவரைக் கட்டிக்கொண்டே நின்றாள். இரண்டாவது வாரம் முகத்தை நனைத்தாள். மூன்றாவது வாரம் அரைக் குளத்தையும் குடித்திருப்பாள். ஐந்தாவது வாரம் ஒரு நாள், கையை விட்டும் மூழ்காமல் மிதந்தாள். வானத்தைப் பார்த்து மல்லாந்தபடி தன் தாய்மொழியான ஸ்பானியத்தில் ஏதோ கத்தினாள். பிரான்வோல்ட் அம்மாளுக்கு ஸ்பானியம் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

கடைசிப் பரீட்சை எளிமையானதுதான். இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை போக வேண்டும். தரையில் கால் படக் கூடாது, தடம் பிரிக்கிற கயிற்றைப் பிடிக்கக் கூடாது. யாரெட்ஸி துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்து, "விடாதீங்கம்மா, விடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கையும் காலும் நாலு திசைக்கும் இழுக்க, சேலா எப்படியோ எதிர்ச் சுவரைத் தொட்டாள்.

"பாஸ்!" பிரான்வோல்ட் அம்மாள் அட்டையில் குறிக்கப் போனாள்.

சேலா இரும ஆரம்பித்தாள். இருமி முடித்ததும், "இருங்க. கடைசியில கால் பட்டுடுச்சு" என்றாள்.

"நான் பாக்கலையே."

"நான் பாத்தேன்."

பெஞ்சில் யாரெட்ஸி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மா! பேசாம இருக்கக் கூடாதா?"

பிரான்வோல்ட் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு எட்டரை வரைக்கும் பரீட்சை நேரம். மூச்சு வாங்கிட்டு மறுபடி போங்க."

பத்து நிமிடம் கழித்து சேலா மறுபடி இறங்கினாள். முடியாவிட்டால் பல்கலைக்கழகம் போயிற்று, அதுவும் தன் வாயாலேயே போயிற்று. ஆனால் இந்தத் தடவை அவசரப்படவில்லை. மூச்சை இழுத்தாள், கையை நீட்டினாள், மறுபடி மூச்சை இழுத்தாள். சுவர் கைக்கு வந்தபோது கால் இன்னும் தண்ணீரில்தான் மிதந்துகொண்டிருந்தது.

விசில் நீளமாக ஒலித்தது. யாரெட்ஸி துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அறுபதும்மா! அறுபது! ஏறி வாங்க!"

சேலா ஏறவில்லை. சுவரைப் பிடித்தபடி திரும்பி, தான் கடந்து வந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அங்க போய் நில்லு. இன்னொரு தடவை போறேன்."

"இதுக்கு யூனிட் எதுவும் கிடையாது, தெரியுமில்ல?" என்றாள் பிரான்வோல்ட் அம்மாள்.

"தெரியும்" என்றாள் சேலா. "இது எனக்கு."