இரண்டாம் பதம்

குஞ்சம்மாளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. கரும்பு டிராக்டர் ஏறிப் போனது. அழ வேண்டியதை அப்போதே அழுது முடித்துவிட்டாள். இப்போது வேண்டியது ஒன்றுதான்: நாளைக்குக் காசிநாதனின் வெல்ல ஆலையில், கொப்பரை ஓரம் நிற்க வேண்டும். கச்சிராயபாளையத்தில் பாகு பதம் பார்க்க அவளை விட்டால் ஆளில்லை என்று சொன்னதும் காசிநாதன்தான். "நின்னா வேல உனுக்கு, உக்காந்தா வேற ஆளு" என்றதும் அவன்தான்.

செயற்கைக் கால் செய்து கொடுத்தவள் திருக்கோவிலூர் கமலா. காலை நுழைக்கும் கிண்ணம் புது மாதிரிப் பொருள். கால் மெலிந்ததில் கிண்ணம் தொளதொளத்தது. கமலா போனில் வழி சொன்னாள்: "கொதிக்கிற தண்ணில போடுங்கக்கா. இளகினதும் சுடாம இருக்க காலுக்குத் தடியா துணி சுத்தி உள்ள வுட்டு, வெளியிலருந்து அமுக்குங்க. தானா ஆறணும்."

எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் அந்தக் கைக்கு ஒரு பழக்கம். கொதியிலிருந்து எதை எடுத்தாலும் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும். பாகை அப்படித்தானே உருட்டிப் பார்ப்பது? கிண்ணத்தையும் வாளியில் முக்கிவிட்டாள். அது கோணலாக இறுகியது. மாட்டி நின்றாள். மளுக்கென்று விரல் நீளத்துக்கு விரிசல்.

"காலுக்கும் பதம் பாத்தியா? அப்படியே உருண்ட புடிச்சிருக்கலாமே" என்றான் புருஷன் கொளஞ்சியப்பன்.

"வாய மூடிக்கினு போன எடுய்யா."

காந்திப்போன பாகைத் திருப்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

நடந்ததைக் கேட்டுப் போனில் கமலா சிரித்தாள். "மறுபடி கொதிக்க வைங்கக்கா. விரிசல ஒட்டிப் புடிச்சி அழுத்துங்க."

"கெட்டுப்போனது கூடுமா, கமலாம்மா?"

"பிளாஸ்டிக் குடத்த சுட்டா உருகி ஓடிடும். டயர சுட்டா உருகாது, கருகிடும். இது ரெண்டும் இல்ல. உள்ள கண்ணி கண்ணியா கைகோத்துக்கினு கீது. சூட்ல கைய வுட்டுடும், ஆறினா திரும்பப் புடிச்சிக்கும்."

"கொப்பரைகிட்ட நின்னா இளகாதா?"

"தண்ணி கொதிக்கிற அளவு சூடு வேணும். அடுப்புக்குள்ள கால வுடாதீங்க, அவ்ளோதான்."

மறுபடி கொதித்தது. விரிசலை அழுத்தி மூடினாள். துணி சுற்றிய காலை உள்ளே விட்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். வாளியைக் கொளஞ்சியப்பன் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவள் கையை அவன் நம்பவில்லை. ஆறியதும் கழற்றி, விரிசல் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் எதுவும் தட்டவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ கொப்பரைகளைப் பார்த்தவள். தப்பைப் பொறுத்துக்கொண்ட ஒரு கொதியை இப்போதுதான் பார்க்கிறாள்.

"கெட்டிக்காரப் பொருளுதான்யா" என்றாள்.

மறுநாள் பாகு பொங்கி அடங்கும்வரை நின்றாள். காசிநாதன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துளிப் பாகை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் விட்டு உருட்டினாள்.

"இன்னா பாக்கற? பாகுக்கு இன்னொரு வாட்டி கெடையாது. எறக்கு!"