அழுத்தியதற்குக் குறிப்பு இல்லை

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லாகிங் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும் என்று எங்கள் முதலாளி செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் புதுச் செருப்பு வாங்கக் கிளம்புவதுபோல் குஷியாகக் கிளம்பியிருப்பேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் ஒவ்வொன்றும் தான் என்ன செய்தது, எத்தனை மணிக்குச் செய்தது என்று வரிவரியாக எழுதி வைக்கும். அதுதான் லாக். அதை எழுதுவதற்கென்று யாரோ ஏற்கெனவே செய்து வைத்த தயார் நிரல்தான் லைப்ரரி. முப்பது இருக்கின்றன. ஒவ்வொன்றும் மற்ற இருபத்தொன்பதும் உதவாக்கரை என்று சத்தியம் செய்கிறது.

"ரத்தப் பரிசோதனை நிலையத்துல ஒரு சிக்கல்" என்றார் முதலாளி. எதைச் சொன்னாலும் சுருக்கமாகச் சொல்லச் சொல்லுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே சுருக்கம்தான். "ஒரு நோயாளியோட ரிசல்ட் ஆபத்தா வந்திருக்கு. டாக்டருக்குத் தகவல் போகணும்னா டெக்னீஷியன் நம்ம திரையில அவசரம்னு இருக்கற பொத்தானை அழுத்தணும். அழுத்தினேன்னு அந்தம்மா சொல்றாங்க. டாக்டருக்கு எதுவும் வரல. நம்ம லாக்லயும் அழுத்தினதா ஒரு வரிகூட இல்ல. வெள்ளிக்கிழமை விசாரணை. நம்ம லாக் நம்பகமானதான்னு அங்க கேப்பாங்க. நல்ல லைப்ரரிக்கு மாறிட்டோம்னு நான் சொல்லணும். ஒரே பக்கம், சுருக்கமா."

நோயாளி நான்கு மணி நேரம் தாமதமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். அந்த டெக்னீஷியனுக்குத்தான் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த டெக்னீஷியன் என் அக்கா.

முதலாளிக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் இந்த வேலையைப் பிடுங்கி அகராதியிடம் கொடுத்துவிடுவார். அகராதி என் எதிர் மேசைக்காரர். 'வேகம்' என்று சொன்னால் "எதோட வேகம்?" என்று கேட்கிற மனிதர். என் அக்காவின் பிழைப்பை அவர் கையில் விட எனக்கு மனசு வரவில்லை.

மூன்று லைப்ரரிகளைப் பொறுக்கி எடுத்தேன். முதலாவது சூறாவளி. வரிகளை நினைவில் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும், நடுவில் கணினி நின்றால் நினைவில் இருந்தது போச்சு. இரண்டாவது ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் எழுதும், ஆனால் ஆமை. மூன்றாவது எல்லாவற்றையும் வேறொரு கணினிக்கு அனுப்பி வைக்கும். இணையத்தில் இவற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க மண்டை காய்ந்தது. ஒருவர் சூறாவளியைக் கொண்டாடுகிறார். அதே நபர் அடுத்த வருஷம் அதைத் திட்டித் தீர்க்கிறார். எந்த வருஷத்து மனிதரை நம்புவது?

இதற்கு நடுவில்தான் புதன்கிழமை மாலை அந்தத் தப்பைச் செய்தேன். நானும் அக்காவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். விசாரணைக்குப் போட்டுப்போக வேண்டிய சட்டையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ நிஜமாவே அழுத்தினியா?"

"அழுத்தினேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா? பக்கத்துப் பொத்தானை கித்தானை…"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "லாக்ல இல்லன்னு கேக்கறியா?"

"லாக் பொய் சொல்லாதுக்கா."

அவள் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தாள். காலரை மட்டும் இரண்டாம் தடவை தேய்த்தாள். நான் சொன்ன அந்த வாக்கியத்தை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மூன்று லைப்ரரிகளையும் ஒரே சோதனைக் கணினியில் மாட்டினேன். எதை, எப்படி எழுதுவது என்று சொல்லும் பழைய லாக்கின் அமைப்புக் கோப்பை அப்படியே மூன்றுக்கும் கொடுத்தேன். இரண்டாவது மட்டும் அந்தக் கோப்பு தனக்குப் புரியவில்லை என்று ஒதுக்கிவிட்டுத் தன் போக்கில் ஓடியது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவசரப் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தினேன்.

சூறாவளியில் ஒன்றுமே இல்லை. ஆமையில் பன்னிரண்டு வரிகள். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

மறுபடி அழுத்தினேன். அதே கதை. அழுத்தியது நான், என் விரலால், என் கண் முன்னால். அப்படியும் மூன்றில் இரண்டு, நான் அழுத்தவே இல்லை என்றன. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்து விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

"இது ரெண்டும் வரிகளைத் தொலைக்குது" என்றேன் எதிர் மேசைக்கு.

அகராதி எழுந்து வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தொலைக்கல. எழுதவே இல்ல. தொலைக்கறது வேற, எழுதாம இருக்கறது வேற. 'எச்சரிக்கைக்குக் கீழ இருக்கற எதையும் எழுதாதே'ன்னு நீங்க குடுத்த கோப்புல இருக்கு பாருங்க. பொத்தான் அழுத்தறது எச்சரிக்கை இல்ல, சாதாரணத் தகவல். சொன்னபடி கேட்டிருக்கு, பாவம்."

இந்தக் கோப்புதானே பரிசோதனை நிலையத்திலும் ஓடுகிறது? அப்படியென்றால் அக்கா அழுத்தியது மட்டுமல்ல, அங்கே யார் அழுத்தியதும் லாக்கில் இருக்காதே. தேடினேன். இரண்டு வருஷமாக அந்த நிலையத்தில் ஒருவர்கூட அவசரப் பொத்தானை அழுத்தியதாக ஒரு வரியும் இல்லை. ஆனால் டாக்டர்களுக்குத் தகவல்கள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

"இந்த வரியை யாரு சேத்தாங்க?" என்று அகராதி கேட்டார். எங்கள் நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. திறந்தேன். இரண்டு வருஷம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, மத்தியான வேளை. 'தேவையில்லாத சத்தம் குறைக்கப்பட்டது.' பக்கத்தில் என் பெயர்.

நினைவு வந்தது. லாக் பெருத்துப் போய் ஒன்றையும் தேட முடியவில்லை என்று அன்றைக்குப் புலம்பியவளும் நான்தான். ஒரே வரியில் தீர்த்துவிட்டேன் என்று பெருமைப்பட்டவளும் நான்தான்.

அகராதி கண்ணாடியை இறக்கி என் பெயரை இன்னொரு தடவை படித்தார். மூன்றாவது லைப்ரரியைச் சோதிக்க இணைப்பை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று முன்பே திட்டம் இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அதையே செய்தேன். சோதனைக் கணினியின் இணையக் கம்பியைப் பிடுங்கினேன். மூன்றிலும் ஒரு வரிகூட விழவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை, இதுவரை எதையும் எழுதாத சூறாவளியில்கூட எச்சரிக்கையாக ஒரு வரி விழுந்தது: 'மீண்டும் முயல்கிறேன்.'

இந்த வரியை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். சம்பவ நாளின் பழைய லாக்கைத் திறந்தேன். பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்தில், அக்கா அழுத்தியதாகச் சொன்ன அதே நேரத்தில், தனியாக ஒரு வரி: 'மீண்டும் முயல்கிறேன்.' எதை முயல்கிறது என்று சொல்ல வேண்டிய வரியை நான் வாயடைத்து வைத்திருந்ததால் இதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. நிரல் முழுக்கத் தேடிப் பார்த்தோம். யாராவது அவசரப் பொத்தானை அழுத்தி, தகவல் போகாமல் இருந்தால் மட்டுமே அந்த வரி விழும்.

அக்கா அழுத்தியிருக்கிறாள். இணைப்பு இல்லாததால் தகவல் போகவில்லை. நிரல் ஒரு தடவை முயன்றுவிட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நிலையத்தின் மேலாளர் அம்மாள். அவருக்குப் பக்கத்தில் தேய்த்த சட்டையோடு அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"தப்பு எந்த லைப்ரரியோடது?" என்று கேட்டார் மேலாளர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சுருக்கமா சொல்லுங்கம்மா."

"லைப்ரரி மேல தப்பில்ல. என் மேல. பொத்தான் அழுத்தறதை எழுத வேண்டாம்னு நிறுத்தி வச்சது நான். அவங்க அழுத்தியிருக்காங்க, இதோ வரி. இன்னொன்னும் சொல்லிடறேன். அவங்க என் அக்கா. அதனால இதை நீங்க வேற யாரையாவது வச்சும் சரிபாருங்க."

சரிபார்த்தது அகராதி. தொலைபேசியில் அரை மணி நேரம், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லி விளக்கினார். அக்கா திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று மேலாளர் சொன்னார். எனக்கு என்ன தண்டனை என்பதை வாசல்வரை கூட நடந்தும் முதலாளி சொல்லவே இல்லை. அவர் அவ்வளவு சுருக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பஸ் நிறுத்தத்தில் அக்கா தனியாக நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வேலையைப் பற்றிப் பேசினேன்.

"இனிமே ஒவ்வொரு தடவை அழுத்தறதும் பதிவாகும்க்கா."

"எந்த லைப்ரரி எடுத்த?"

"ரெண்டாவது. மெதுவாத்தான் ஓடும். ஆனா எதையும் விடாம எழுதி வச்சுக்கும்."

"நல்லது" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாமல், "புதன்கிழமை உன்கிட்ட அழுத்தினேன்னு சொன்னேனே, அதை நீ எங்க எழுதி வச்சிருக்க?" என்றாள்.

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். எடுப்பாள் என்று கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.