இன்னும் ரெண்டு நாள்

"ஆஸ்டின் டவுன் வீட்டுக்கா, நேரா சர்ச்சுக்கா?" டிரைவர் இரண்டாவது முறையாகக் கேட்டார். வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் கேத்தரின் படுத்திருந்தாள். பிரேசர் டவுனில், தம்பி ஜாய்சன் வீட்டில், விடியற்காலைத் தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது.

"சர்ச்சுக்கே போயிடலாம் மச்சான்," என்றார் ஜாய்சன். "உங்க வீடு இன்னும் ஈரமாத்தானே இருக்கு? சுவத்துக் காரையை வேற கொத்திப் போட்டிருக்கீங்க. நாலு பேர் வர்ற இடம்."

மகள் லவினா அப்பா ரெமிஜியஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் புகுந்த வீடுகளைக் காயவைத்துத் தேற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்காரர்கள் மழை வந்தாலே அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் சொந்த வீட்டுக்குள்ளேயே முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் வந்து நின்றது. சுவரின் காரையை இடுப்புயரத்துக்குக் கொத்தி எடுத்தார். ஜன்னல்களை மூடி, ஈரத்தை இழுக்கும் மெஷினை இரவும் பகலும் ஓடவிட்டார். அம்மாவுக்கு நுரையீரல் மோசம். பூஞ்சை பிடித்த வீடு ஆகவே ஆகாது என்று அவளைத் தம்பி வீட்டில் விட்டுவைத்திருந்தார்.

தினமும் சாயங்காலம் அம்மா போனில் கேட்பாள். "என்னாங்க, எப்ப கூட்டிட்டுப் போவீங்க?"

"சுவத்துல ஈரம் பாக்குற மீட்டர் பதினெட்டு காட்டுது. பதினாறுக்குக் கீழ வரட்டும்."

"மேலாக்க பெயிண்ட் அடிச்சிடுங்களேன்."

"ஈரத்தை உள்ள வெச்சு மூடினா மறுபடி பூஞ்சைதான் கேத்தி. இன்னும் ரெண்டே நாள், பொறு."

இந்த ரெண்டு நாளை ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் மனசார நம்பித்தான் சொன்னார். லவினாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட்டதை நினைத்து அழுகையும் வந்தது.

"வீட்டுக்குப் போப்பா," என்றார் ரெமிஜியஸ் டிரைவரிடம்.

வீட்டில் மெஷினை அவரே நிறுத்தினார். இத்தனை நாள் யாரையும் தொடவிடாத ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். வெளியே தூறல். எதிர்வீட்டுத் தமயந்தி குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"ஈரக்காத்து உள்ள வருதேண்ணா. இவ்ளோ நாள் பாடுபட்டீங்களே?"

"வரட்டும்மா. அவளுக்கு மூடிவெச்சா பிடிக்காது."

பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். ரெமிஜியஸ் அதை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, செங்கல் தெரியும் சுவரில் சாய்ந்துகொண்டார். ஜெபம் முடியும்வரை நகரவில்லை. ஒரே ஒருமுறை கண்ணாடிப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். என்னவென்று லவினா கேட்கவில்லை.

நாலு மணிக்கு அடக்கத்துக்கு எடுக்கச் சவப்பெட்டியோடு வந்தார்கள். அப்பா எழுந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் ஈரமும் செங்கல் சிவப்புமாக இருந்தது. லவினா ஓடிப்போய் வேறு சட்டை எடுத்து வந்தாள்.

"மாத்திக்கோங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டு, அவர் சவப்பெட்டியின் முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தார்.