இலேசான படிப்பு

நாளை காலை ஜெனனிக்கும் சோதனை, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவளுடைய அண்ணன் நிலக்ஷனுக்கும் சோதனை. பாடன் நகரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ரோல்ஸ் பலகாரம் செய்து தர ஒப்புக்கொண்டிருந்த அம்மா, ஜெனனியின் கதவை மட்டும்தான் தட்டினாள்.

"அவனுக்கு யூனி. உனக்கு ஃபாக்கோக்சூலதானே, வந்து ரோல்ஸைச் சுத்து."

ஜெனனி கட்டட வரைபடத் தொழில் பழகிவிட்டு, பிறகு ஃபாக்கோக்சூல என்ற அந்தத் தொழிற்கல்லூரிக்குப் போனவள். நாளைக்கு எழுதவிருந்த பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். நாளையும் தவறினால் படிப்பையே விடவேண்டும்.

சமையலறையில் அவள் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எடுக்க வந்த நிலக்ஷன் சிரித்தான். "உங்களுக்கு வாத்திமார் தீத்தி விடுவினம். எங்களுக்கு அப்பிடியில்லை."

"தீத்தினதை ஒருக்கா வந்து திண்டு பாரன்."

"யூனியில விழுந்தாலும் அடுத்த கிழமையே உங்கட இடத்தில சேருவன்."

"சேரமாட்டாய். ஜிம்னாசியத்தில உயர்தரம் படிச்சிட்டு வாறவை முதல்ல ஒரு வருசம் வேலை செய்யோணும். முட்டை உடைக்கத் தெரியாத உன்னை ஆர் வேலைக்கு எடுக்கப்போறாங்கள்?"

அம்மா அகப்பையை ஓங்கினாள். "மூளை இருந்திருந்தா நீயும் யூனிக்குப் போயிருப்பாய். வாயை மூடிக்கொண்டு சுத்து!"

ஜெனனி அடுப்பை அணைத்தாள். கைகளைக் கழுவிக்கொண்டு போய் அறையைப் பூட்டினாள். அம்மா கதவில் அடித்தாள்.

"ரோல்ஸ் எடுக்க இப்ப வந்து நிக்கப்போகினம். ஆர் சுத்துறது?"

"அண்ணா நிக்கிறார்தானே."

பிறகு அம்மா நிலக்ஷனைக் கூப்பிடுவது கேட்டது.

"எனக்கு நாளைக்குச் சோதினையம்மா!"

"அவளுக்கும்தானேடா சோதினை!" என்று கத்தினாள் அம்மா.