பக்கத்திலேயே இருந்தவர்

கம்பெனியில் காலர் தைக்கும் மெஷின் முன்னால் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். கூட வேலை செய்தவர்கள் 'சாஞ்ச கோபுரம்' என்று பெயர் வைத்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு துளை, அதிலிருந்து சீழ் கசிகிறது என்று யாரிடம் சொல்ல முடியும்?

வீட்டில் மறைக்க முடியவில்லை. கணவன் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு, "வேலைக்குப் போறவன், தூக்கம் கெடுது" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

பவுத்திரம் என்றார் முதலில் பார்த்த டாக்டர். அகலமாகக் கீறித் திறந்து விட்டார். தினமும் புண்ணைக் கழுவி, உள்ளே துணி வைத்துக் கட்ட வேண்டும். அவளுக்குக் கையும் எட்டாது, கண்ணும் எட்டாது. "எனக்குக் குமட்டும்" என்று கணவன் ஒதுங்கிக்கொண்டான். செய்தவள் நாத்தனார், புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து இருப்பவள். அதுவரை இருவரும் எலியும் பூனையும்தான்.

"குப்புறப் படுங்க அண்ணி. வெக்கம் பாத்தா புண்ணு ஆறாது."

ஆறத்தான் ஆறியது. ஆனால் வருஷம் திரும்புவதற்குள், பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் சீழ்.

இரண்டாவது டாக்டர் ஒரு பெண். தாளில் படம் போட்டுக் காட்டினார். "இந்தத் துளை வழியாவே மெல்லிசா ஒரு கேமராவை விட்டு, பாதை எங்க போகுதுன்னு பாத்து, உள்ளுக்குள்ளயே சுட்டுடுவோம். உள்பக்க வாயைத் தச்சிடுவோம். பெரிய காயம் இருக்காது. ஆனா திரும்ப வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

ஆபரேஷன் முடிந்த மறுநாளே வீட்டுக்கு நடந்து வந்தாள். சில வாரங்களில் மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனின் நண்பர் நலம் விசாரிக்க வந்தார்.

"நான்தான் லீவு போட்டுட்டு, பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டேன். பெத்த தாய்கூட இப்படிச் செய்ய மாட்டா" என்றான் கணவன்.

டீயோடு வந்தவள் நின்றாள். "இவர் கூடத்துல மூக்கைப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தாரு. புண்ணைக் கழுவினது இவரு தங்கச்சி" என்றாள்.

நண்பர் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். கணவன் அவளைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான்.

நாத்தனார் அடுப்படியிலிருந்து வந்தாள். கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் இவள் நினைத்தாள்.

"உங்க புண்ணைக் கழுவினது நான்தான், இல்லேங்கல. அதுக்காக எங்க அண்ணனை அடுத்த ஆளு முன்னாடி கழுவி ஊத்தணுமா? நாளைக்கு அவரு என்னை வெளிய போன்னு சொன்னா, நீங்களா சோறு போடுவீங்க?"

அன்றோடு நாத்தனாரும் இவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கடைசிப் பரிசோதனைக்குத் தனியாகப் போனாள்.

"கூட யாரும் வரலையா?" என்றார் டாக்டர்.

"நான்தான் நல்லா நடக்கறேனே டாக்டர்."

டாக்டர் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "சுத்தமா மூடிடுச்சு. தொந்தரவு இல்லேன்னா இனிமே நீங்க வர வேண்டாம்."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் வலிக்குதா என்று கேட்க இருந்த ஒரே ஆளும் இனி இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "சரிங்க டாக்டர்" என்றாள். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தும், வீட்டுக்குப் போகாமல் கம்பெனிக்குப் பஸ் ஏறினாள்.