மூக்கைப் பொத்திக்கோ

எங்கள் கப்பலில் குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பாத யாருக்கும் அனுமதி இல்லை என்று ஏறுகிற படிக்கட்டிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்காகவே தேடி வந்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களுடைய அறைகளைச் சுத்தம் செய்கிறவள்.

பயணிகளை நான் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் ஒரு டீச்சரம்மா, "வருஷம் முழுக்க பசங்க கத்தல்லயே கெடக்கேன்மா. இந்த ஒரு வாரம் காதுக்கு லீவு" என்றார். நியாயம்தானே. மெத்தை விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டே நானும் சிரித்து வைத்தேன். என் காதுக்கு லீவு விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதை யார் என்னிடம் கேட்டார்கள்.

என் மகளுக்கு நாலு வயது. நான் கப்பல் ஏறும்போது மூன்றுகூட முடியவில்லை. வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்வது என் நாத்தனார். பக்கத்து வீட்டில் யாரோ "உங்கம்மா எங்க பாப்பா?" என்று கேட்டதற்கு, இவள் உள்ளே ஓடிப்போய் சார்ஜில் கிடந்த ஃபோனைக் காட்டினாளாம். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னாள். நானும் கூடவே சிரித்தேன். அப்புறம் ஒரு பயணியின் குளியலறையைக் கழுவும்போது, தண்ணீரை வேகமாகத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அவளுக்கு இளைப்பு உண்டு. புகை பட்டால் நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவளுக்குப் பயந்துதான் அவள் அப்பாவே சிகரெட்டை விட்டார். அதனால் ஃபோனில் வந்தாலே முதலில் எங்களுக்குள் ஒரு பாடம் நடக்கும்.

"யாராவது சிகரெட் பிடிச்சா என்ன பண்ணணும்?"

"மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிடணும்."

"நமக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா?"

"தெரிஞ்சவங்களா இருந்தாலும் ஓடிடணும்."

"சமத்து."

தூரத்தில் இருக்கிற அம்மா வேறு என்னத்தைச் செய்துவிட முடியும்? தலை வாரிவிட முடியுமா, சோறு ஊட்ட முடியுமா? இந்த ஒன்றைத்தான் நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன மாதம் கப்பலின் வழி மாறியது. எங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும் என்றார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த ஊர்க்காரர்கள் இறங்கிப்போய் வீட்டாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கேப்டனே சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரி சூப்பர்வைசர் மேடம்.

"பழைய பயணிங்க இறங்கி புதுப் பயணிங்க ஏறுற நாள். எல்லா ரூமும் மாத்தணும். ஒருத்தரையும் விட முடியாது" என்றார்.

"அப்ப அவங்க மேல வந்து பாத்துட்டுப் போகட்டும் மேடம்."

"உன் வீட்டுக்காரருக்கு பாஸ் தரேன். பாப்பாவை ஏத்த முடியாது. ரூல் தெரியாதவளா நீ?"

வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவர் வளர்ந்துவிட்டார்.

கப்பல் துறைமுகத்தில் நின்ற அன்று காலையில், என் முகத்தைப் பார்த்துவிட்டு லாண்ட்ரி அண்ணன்தான் வழி சொன்னார். கப்பலின் பின்பக்கம் வேலையாட்கள் புகை பிடிப்பதற்கு ஒரு மூலை உண்டு. அங்கே நின்றால் துறைமுகத்தின் கம்பி வேலி நேரெதிரே தெரியும்.

"வீட்டுக்காரரை வேலிகிட்ட வந்து நிக்கச் சொல்லு. மேடம்கிட்ட சிகரெட் பிரேக்னு கேளு, உடனே விட்டுடுவாங்க."

"நான் பிடிக்கிறதில்லையேண்ணே."

"இன்னிக்கு ஒரு நாள் பிடி" என்று ஒரு சிகரெட்டையும் தீப்பெட்டியையும் கையில் திணித்தார்.

உடனே விட்டுவிட்டார்கள்தான். விடாவிட்டால் எவனாவது துணி அலமாரிக்குள் புகைத்துக் கப்பலையே கொளுத்திவிடுவான் என்று பயம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. புகைக்கிறவனுக்கு இடைவேளை உண்டு, பெற்றவளுக்குக் கிடையாது. எந்த மகராசன் எழுதிய ரூலோ, அவன் வீட்டில் பிள்ளை இல்லை போலிருக்கிறது.

மூலையில் ஒரு பெஞ்சு, ஒரு மணல் வாளி. வேலிக்கு அந்தப் பக்கம், ஃபோனில் நான் சொன்னபடியே என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தோளில் அவள். மஞ்சள் கவுன். கால்கள் நீண்டுவிட்டன, அவர் நெஞ்சுவரை தொங்கின. ஃபோனில் கால்கள் தெரிவதே இல்லை.

வாயைத் திறந்து கூப்பிட்டேன். கீழே பெட்டிகளை ஏற்றுகிற வண்டிகளின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவருகே நின்ற செக்யூரிட்டிதான் திரும்பிப் பார்த்தார்.

"பத்த வைக்கலையாம்மா? சும்மா நிக்கிற எடம் இல்ல இது."

பற்ற வைத்தேன். இருமல் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டினேன். அவர் என்னைச் சுட்டிக்காட்டி அவளிடம் ஏதோ சொன்னார். அவள் பார்த்தாள். தலையில் வலைத்தொப்பி, சாம்பல் நிற யூனிஃபார்ம், கையில் புகைகிற சிகரெட். அவள் பார்த்தது அதைத்தான்.

சின்னக் கை மூக்குக்குப் போனது.

சட்டென்று சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். சனியன், புகை என் தலைக்கு மேல் எழும்பி என்னைக் காட்டிக்கொடுத்தது. அவள் தோளிலிருந்து நழுவி இறங்கி, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்து, கெஞ்சி, ஃபோனைக் காட்டி, என்னைக் காட்டி என்னென்னவோ செய்தார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் சிகரெட்டை மணல் வாளியில் குத்தி அணைத்துவிட்டு, பார், ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"முடிஞ்சுதுல்ல, கெளம்பும்மா" என்றார் செக்யூரிட்டி.

"ஒரு நிமிஷம் சார். என் பொண்ணு சார்."

அவர் எட்டிப் பார்த்தார். "எங்க?"

நானும் பார்த்தேன். மஞ்சள் கவுன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் அவள் அப்பா ஓடிக்கொண்டிருந்தார். வேலியோரம் யாரும் இல்லை.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் பிள்ளை மனம் கல் இல்லை. அவள் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை, அவ்வளவுதான்.

கப்பல் புறப்படுவதற்கு முன் சாயங்காலம் ஃபோன் செய்தேன். தொப்பியைக் கழற்றி, முடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த முகத்தோடு உட்கார்ந்தேன்.

"அம்மா, நீ ஏன் வரல?"

பின்னால் அவர் குரல் கேட்டது. "அதுதான்டா உங்கம்மா. எத்தனை தடவை சொல்றது?"

"அப்பா பொய் சொல்றாரும்மா. அங்க ஒரு சிகரெட் ஆன்ட்டிதான் இருந்தாங்க. அது நீயாம். நீ சிகரெட் பிடிக்க மாட்டல்ல?"

நான்தான் என்று சொன்னால், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியவர்களில் நானும் ஒருத்தி ஆகிவிடுவேன். நான் இல்லை என்று சொன்னால், பெற்ற பிள்ளை வாசல்வரை வந்தும் எட்டிப் பார்க்காத அம்மா. ஃபோனைப் பிடித்திருந்த அவருடைய கையும் ஆடாமல் காத்திருந்தது.

"இல்லடா. நான் பிடிக்க மாட்டேன். அம்மாவுக்கு வேலை இருந்துச்சு, வர முடியல."

"பாத்தீங்களாப்பா" என்றாள் அவள்.

"நான் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டேன்மா."

"சமத்து" என்றேன். வழக்கமாகச் சொல்கிற மாதிரியேதான் சொன்னேன்.

"அந்த ஆன்ட்டி உன் கப்பல்லதாம்மா இருக்காங்க. நீ அவங்க பக்கத்துல போகாத."

"போக மாட்டேன்."

"வந்தாங்கன்னா மூக்கைப் பொத்திக்கோ. எப்படிப் பொத்துவ, காட்டு."

காட்டினேன். எத்தனையோ தடவை சோப்பு போட்டுக் கழுவியும் விரல்களில் அந்த வாடை போகவே இல்லை. அவள் போதும் என்று சொல்கிறவரை நான் கையை எடுக்கவில்லை.